"420"-ஐத் தமிழில் எப்படிச் சொல்வது? கஞ்சாச் சொற்களின் பூர்வீகம் பற்றி ஓர் இழை

வரிக்குள்வரி எழுதியது:

வணக்கம். படங்களுக்கும் தொடர்களுக்கும் தமிழ் வசன வரி எழுதிப் பிழைப்பவள் நான். இரண்டு நாளாக ஒரே ஓர் எண்ணில் மாட்டிக்கொண்டு கிடக்கிறேன்.

அமெரிக்கத் தொடர் ஒன்று. வாடகைக்கு அறை தேடும் பெண், சுவரில் ஒட்டியிருக்கும் விளம்பரச் சீட்டைத் தோழிக்கு வாசித்துக் காட்டுகிறாள். நாய் வளர்க்கலாம், துணி துவைக்க இயந்திரம் உண்டு, 420-க்கு ஆட்சேபம் இல்லை. தோழி சிரிக்கிறாள். எனக்கு முன்னால் இந்த வரியைத் தொட்ட மனிதரோ இயந்திரமோ, "மோசடிப் பேர்வழிகளும் தங்கலாம்" என்று எழுதி வைத்திருக்கிறது. அதைப் படித்து நானும் சிரித்தேன். சிரிப்பு தவறான இடத்தில் வந்தது, அவ்வளவுதான்.

அந்த எண் கஞ்சாவைக் குறிக்கிறது என்பது தெரியும். ஏன் குறிக்கிறது என்பதுதான் தெரியவில்லை. போலீஸ் குறியீடு என்கிறார் ஒருவர், செடியில் 420 வேதிப்பொருள்கள் என்கிறார் இன்னொருவர், ஹிட்லர் பிறந்தநாள் என்கிறார் மூன்றாமவர். வேர் தெரியாமல் எனக்கு மாற்றுச் சொல் வராது. தெரிந்தவர்கள் கைகொடுங்கள்.

நெறியாளர் எழுதியது:

சொல்லாராய்ச்சி என்பதால் இழையை அனுமதிக்கிறேன். எங்கே கிடைக்கும், எப்படி வளர்ப்பது என்று யாராவது தொடங்கினால் பூட்டிவிடுவேன்.

வக்கீல்குமாஸ்தா எழுதியது:

முப்பத்தோரு வருடம் மதுரையில் வழக்குக் கட்டு சுமந்தவன் என்ற உரிமையில் முதலில் நம் ஊர்ப் பங்கைச் சொல்லிவிடுகிறேன். இந்தியத் தண்டனைச் சட்டம் 1860-இன் 420-ஆம் பிரிவு, ஒருவரை ஏமாற்றி அவருடைய சொத்தை ஒப்படைக்க வைப்பது. தண்டனை ஏழாண்டு வரை. அதனால்தான் இந்திக்காரர்களுக்குச் "சார் சௌ பீஸ்", நமக்கு "ஃபோர் ட்வென்டி". 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டமே போய், பாரதிய நியாய சன்ஹிதாவில் அதே குற்றம் 318(4) ஆகிவிட்டது. யாராவது யாரையாவது "த்ரீ எய்ட்டீன்" என்று திட்டிக் கேட்டிருக்கிறீர்களா? சட்டம் மாறினாலும் வசவு மாறாது.

போலீஸ் குறியீடு என்ற கதையை நம்பாதீர்கள் அம்மா. கலிபோர்னியாவின் தண்டனைச் சட்டத்திலும் 420 என்று ஒரு பிரிவு இருக்கிறது. அது அரசு நிலத்துக்குள் நுழைய விடாமல் ஒருவரை மறிப்பதைப் பற்றியது. கஞ்சா வாசனைகூட அதில் இல்லை.

சான்ஹோசே சித்தப்பா எழுதியது:

இந்தக் கதை நடந்த இடம் என் வீட்டிலிருந்து வடக்கே இரண்டு மணி நேரக் கார்ப் பயணம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சான் ஃபிரான்சிஸ்கோவின் பொன்வாயில் பாலத்தைத் தாண்டினால் மாரின் மாவட்டம். அங்கே சான் ரஃபேல் என்ற ஊர், அதில் ஓர் உயர்நிலைப் பள்ளி. 1971-இல் அந்தப் பள்ளியில் ஐந்து நண்பர்கள். பள்ளிக்கு வெளியே ஒரு சுவரில் சாய்ந்தபடி போகிறவர் வருகிறவரைக் கிண்டல் செய்வதே அவர்கள் வேலை. சுவருக்கு ஆங்கிலத்தில் "வால்" என்பதால் தங்களுக்கு "வால்டோஸ்" என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். (நம் மொழியில் அப்படியே "வால் பையன்கள்" என்று எழுதினாலும் பொருத்தம்தான்.)

அந்த வருடம் இலையுதிர் காலத்தில் அவர்கள் கைக்கு ஒரு வரைபடம் வருகிறது. பாயிண்ட் ரேயஸ் கடற்கரைப் பக்கம் கடலோரக் காவல்படையில் இருந்த ஒருவர் ரகசியமாகக் கஞ்சாச் செடி போட்டிருந்தார், மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் அப்படியே விட்டுவிட்டார், வேண்டுமானால் பறித்துக்கொள்ளுங்கள் என்ற செய்தியோடு. பதினாறு, பதினேழு வயதில் கையில் புதையல் வரைபடம் கிடைத்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்? வகுப்பும் விளையாட்டுப் பயிற்சியும் முடிந்து எல்லோரும் ஒன்றுசேரத் தோதான நேரம் மாலை 4.20. சேரும் இடம் பள்ளி வளாகத்தில் இருந்த லூயி பாஸ்டர் சிலை. ஆமாம், வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி கண்டுபிடித்த அதே பாஸ்டர். பகலில் நடைவழியில் ஒருவரை ஒருவர் கடக்கும்போது "4.20 லூயி" என்று முணுமுணுத்துவிட்டுப் போவார்கள்.

பழைய செவர்லே இம்பாலா காரில் ஏறிப் புகைத்துக்கொண்டே தேடினார்கள். வாரக்கணக்கில் தேடியும் அந்தத் தோட்டம் கடைசிவரை கிடைக்கவில்லை. போகப்போகப் பேச்சிலிருந்து லூயி உதிர்ந்துபோனார், நேரம் மட்டும் தங்கியது. ஆசிரியர் முன்னாலும் பெற்றோர் முன்னாலும் தைரியமாகச் சொல்லலாம், யாருக்கும் புரியாது. பொருளும் பெருத்துக்கொண்டே போனது. "போகலாமா", "உன்னிடம் இருக்கிறதா", "அவன் புகைத்திருக்கிறானா" என எல்லாவற்றுக்கும் அந்த ஒரே எண், குரலின் ஏற்ற இறக்கத்தில் மட்டும் வித்தியாசம்.

ஐந்து பேரின் குழூஉக்குறி உலகத்துக்குப் போனது எப்படி? அந்தக் காலத்தில் கிரேட்ஃபுல் டெட் இசைக்குழு மாரின் பகுதியைத்தான் இருப்பிடமாகக் கொண்டிருந்தது. வால்டோக்களில் ஒருவருடைய அண்ணன் அந்தக் குழுவின் பேஸ் கிதார் கலைஞர் ஃபில் லெஷுக்கு நண்பர். இன்னொருவருடைய அப்பா அவர்களுடைய வீட்டுமனை விவகாரங்களைப் பார்த்துக்கொண்டார். பையன்கள் ஒத்திகைக்குப் போவார்கள், மேடைக்குப் பின்னால் நிற்பார்கள், அங்கேயும் இதே எண்ணைச் சொல்வார்கள். அந்தக் குழுவின் ரசிகர்கள் நம் ஊர்ப் பாதயாத்திரைக் கூட்டம் போல, கச்சேரிக்குக் கச்சேரி நாடு முழுக்கப் பின்தொடர்ந்தவர்கள். சொல்லும் அவர்களோடு ஊர் ஊராகப் போனது.

1990 டிசம்பர் கடைசியில் ஓக்லாந்தில் நடந்த கச்சேரி ஒன்றின்போது ஒரு துண்டுச் சீட்டு கைமாறியது. ஏப்ரல் 20 அன்று மாலை 4.20-க்குத் தமால்பையஸ் மலைப்பக்கம் கூடுவோம் என்ற அழைப்பு அது. சான் ரஃபேல் போலீஸின் குறியீடுதான் 420 என்ற விளக்கமும் அதிலேயே இருந்தது. கஞ்சாவைப் பற்றியே எழுதும் ஹை டைம்ஸ் இதழின் நிருபர் ஸ்டீவ் ப்ளூம் கையில் அந்தச் சீட்டு சிக்க, 1991 மே மாத இதழில் வெளிவந்தது. கவனியுங்கள்: உண்மையான சொல்லும் பொய்யான வேரும் ஒரே காகிதத்தில் அச்சேறின. போலீஸ் கதையை இன்றுவரை ஒழிக்க முடியாததற்கு அதுதான் காரணம்.

சும்மாவாசகன் எழுதியது:

சித்தப்பா, கதை கேட்கச் சுவையாக இருக்கிறது. அதனாலேயே எனக்குச் சந்தேகம். புகழ் தேடும் ஐந்து பேர் இருபது வருடம் கழித்து "நாங்கள்தான்" என்று கிளம்பினால் நம்பிவிடுவதா? பாப் டிலன் 1966-இல் போட்ட பாட்டின் தலைப்பில் 12, 35 என்று இரண்டு எண்கள் இருக்கின்றன. பெருக்கிப் பாருங்கள்.

சான்ஹோசே சித்தப்பா எழுதியது:

பெருக்கினேன், 420 வருகிறது. இப்படிப் பெருக்கியும் கூட்டியும் என் கார் எண்ணில் என் ஜாதகத்தையே எடுத்துவிடலாம் தம்பி.

அவர்கள் வாய்வார்த்தையாகச் சொன்னால் நானும் நம்பமாட்டேன். 1970-களில் ஒருவருக்கொருவர் எழுதிய, தபால் முத்திரை பதிந்த கடிதங்களை வைத்திருக்கிறார்கள். அவற்றில் இந்த எண் இருக்கிறது. பள்ளிக் கைவேலை வகுப்பில் சாயம் தோய்த்துச் செய்த கொடி ஒன்றிலும் அதே 420. 1974-இல் அந்தப் பள்ளியின் மாணவர் பத்திரிகையில், உன்னோடு படிப்பை முடிக்கும் மாணவர்கள் முன்னால் என்ன சொல்ல விரும்புகிறாய் என்ற கேள்விக்கு ஒரு பையன் அந்த எண்ணை மட்டுமே பதிலாகக் கொடுத்திருக்கிறான். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு வங்கிப் பெட்டகத்தில் நகை வைப்பது போல இதையெல்லாம் பூட்டி வைத்திருக்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி 2017-இல் இந்தச் சொல்லைச் சேர்த்தபோது இந்தச் சான்றுகளை எடுத்துக்கொண்டது. இதற்கு முந்தைய எழுத்துச் சான்று எதையும் வேறு யாரும் கொண்டுவரவில்லை.

ஹிட்லர் பிறந்தது ஏப்ரல் 20 என்பது சரிதான். ஆனால் தேதி பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது, நேரம்தான் முதலில். வேதிப்பொருள் கணக்கோ ஆய்வுக்கு ஆய்வு ஏறிக்கொண்டே போகிறது, இப்போது ஐந்நூறைத் தாண்டிவிட்டது.

வக்கீல்குமாஸ்தா எழுதியது:

தபால் முத்திரை இருந்தால் நீதிமன்றமே ஒப்புக்கொள்ளும். சும்மாவாசகன் மேல்முறையீட்டுக்குப் போகலாம்.

ஸ்கார்பரோ தம்பி எழுதியது:

அக்கா, உங்கள் எண்ணை விட எனக்குக் "கஞ்சா" என்ற சொல்லே பெரிய அதிசயம். டொராண்டோவில் ஒரு கிடங்கில் இரவு வேலை பார்த்த காலத்தில் என்னோடு ஜமைக்காக்காரர் ஒருவர் இருந்தார். இடைவேளையில் ஒருநாள் "கஞ்சா" என்றார். தமிழ் ஆட்களோடு பழகி எடுத்த சொல் என்று நினைத்து, "எங்கள் சொல்லை யாரிடம் பழகினீர்கள்?" என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "இது எங்கள் தாத்தன் பாட்டன் சொல், உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று திருப்பிக் கேட்டார்.

பிறகு தேடிப் படித்தேன். ஜமைக்காவில் அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் இல்லை. 1845 மே மாதம் இந்தியாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பல் அங்கே போய்ச் சேர்ந்தது. 1917 வரை ஏறத்தாழ 36,000 பேர் போனார்கள். பெரும்பாலோர் கல்கத்தாத் துறைமுகம் வழியாகப் போன போஜ்புரி, அவதி பேசும் மக்கள். கஞ்சாவும் அதைப் புகைக்கும் சிலும்பியும் அவர்களோடு இறங்கின. "சிலம்" என்ற சொல்லும் அந்தத் தீவில் உண்டு.

1930-களில் ரஸ்தஃபாரி சமயம் உருவானபோது அந்தப் புகை வழிபாட்டுப் பொருளாயிற்று. அந்தச் சமயத்தின் முன்னோடிகளில் ஒருவரான லெனார்ட் ஹோவெல் கறுப்பினத்தவர். அவர் தமக்கு வைத்துக்கொண்ட புனைபெயர் "கங்குங்குரு மராக்". அதற்குள் குருவும் மகராஜும் இருப்பது தெரிகிறதா? கரும்புக் காட்டில் அக்கம் பக்கமாக நின்று வெட்டியவர்களின் பேச்சு எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். ஆங்கிலேய அரசு 1913-இல் அங்கே கஞ்சாவைத் தடை செய்தது. ஜமைக்கா அரசு 2015-இல் இரண்டு அவுன்ஸ் வரை வைத்திருப்பதைக் கைதுக்குரிய குற்றமில்லை என்றாக்கி, ரஸ்தஃபாரிகளின் வழிபாட்டுப் பயன்பாட்டையும் ஏற்றுக்கொண்டது. சட்டப்புத்தகத்திலும் "கஞ்சா" என்றே இருக்கிறது.

நான் சிறுவனாக இருந்தபோது யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளில் படித்தது எப்போதும் "கேரள கஞ்சா". எங்கிருந்து படகில் வந்தாலும் அது கேரள கஞ்சாதான். தேங்காய் எண்ணெய்க்கு ஊர்ப்பெயர் போடுவது போல.

வேர்ச்சொல்வேந்தன் எழுதியது:

கஞ்சா தூய தமிழ்ச் சொல். கஞ்சியிலிருந்து பிறந்தது. கஞ்சியைப் போலக் காய்ச்சிக் குடித்ததால் கஞ்சா. வடமொழிக்கும் போஜ்புரிக்கும் நாம் கொடுத்ததை நாமே மறந்துவிட்டோம்.

மூலிகைமணி எழுதியது:

வேந்தரே, கஞ்சி ஏற்கெனவே கப்பலேறிப் போர்த்துகீசியர் வாயில் "காஞ்சா" ஆகி, ஆங்கிலத்தில் "காஞ்ஜி" ஆகி, உலகம் சுற்றிவிட்டது. அந்தப் பெருமை போதும். கஞ்சா வடமொழிச் சொல். தாய்லாந்துக்காரர்களும் "கன்சா" என்றுதான் சொல்கிறார்கள், அதுவும் அங்கிருந்து போனதே. சித்த மருத்துவ மரபில் நமக்கென்று இருக்கும் பெயர் வேறு: கோரக்கர் மூலி. நாகப்பட்டினம் பக்கம் வடக்குப் பொய்கைநல்லூரில் சமாதி கொண்டதாகச் சொல்லப்படும் கோரக்கர் சித்தரின் பெயரால் வந்தது. சிவமூலிகை என்றும் சொல்வார்கள். அதை வைத்து இங்கே யாரும் வைத்தியம் தொடங்க வேண்டாம். மருந்துச் சட்டத்தில் அது நச்சுச் சரக்குகளின் பட்டியலில் இருக்கிறது.

வடக்கே ஒரே செடிக்கு மூன்று பெயர்கள். இலை என்றால் பாங்கு, பூங்கொத்து என்றால் கஞ்சா, பிசின் என்றால் சரஸ். இது வெறும் சொல் வேறுபாடு இல்லை. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கஞ்சா என்பதைப் பூவும் காயும் கொண்ட நுனிப்பகுதி என்று வரையறுத்து, நுனி சேராத இலையையும் விதையையும் விலக்கிவிட்டது. காசியிலும் ஜெய்சால்மரிலும் பாங்குக் கடைக்கு அரசு உரிமப் பலகை தொங்குவது அந்த ஒரு வாக்கியத்தின் தயவில்தான். அதே செடியின் பூ கையில் இருந்தால் சிறை.

வேந்தர் பெருமைப்பட ஏதாவது வேண்டுமானால் தமிழில் ஒரு வினைச்சொல் தருகிறேன். நாம் கஞ்சாவைக் குடிக்கிறோம். சுருட்டையும் பீடியையும்கூடக் குடிக்கிறோம். "கஞ்சாக்குடுக்கி" என்ற வசவு அதிலிருந்து வந்ததுதான். என் பாட்டி, வாசலில் நேரம் கெட்ட நேரத்தில் வந்து நின்று கதை அளக்கும் எவரையும் அப்படித்தான் சொல்வார். அவர்கள் வாழ்நாளில் வெற்றிலைகூடப் போட்டிருக்கமாட்டார்கள். துருக்கியரும் அரபியரும் புகையைக் குடிக்கிறவர்கள்தான். நானூறு வருடத்துக்கு முந்தைய ஆங்கிலேயர்களும் புகையிலையைக் குடிப்பதாகவே எழுதினார்கள். பிறகு அவர்கள் மாற்றிக்கொண்டார்கள், நாம் மாற்றவில்லை.

வேர்ச்சொல்வேந்தன் எழுதியது:

கஞ்சி பற்றி என் கருத்தில் மாற்றமில்லை. குடி பற்றிய குறிப்புக்கு நன்றி.

வரிக்குள்வரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒரு துணைக்கேள்வி. அதே தொடரில் கிழவர்கள் "மரிஹுவானா" என்கிறார்கள், இளையவர்கள் ஆங்கிலத்தில் "களை" என்கிறார்கள், கடைக்காரர் "கன்னாபிஸ்" என்கிறார். மூன்றுக்கும் நான் "கஞ்சா" போட்டால் யார் பேசுகிறார் என்ற வாசனையே போய்விடுகிறது.

சான்ஹோசே சித்தப்பா எழுதியது:

அந்த மூன்றும் மூன்று காலம். அமெரிக்க மருந்துக் கடைகளில் 19-ஆம் நூற்றாண்டில் அதன் பெயர் கன்னாபிஸ்தான். 1850 முதல் 1942 வரை அந்நாட்டு மருந்துக் கோவையில் இருந்தது. மெக்ஸிகோ ஸ்பானிய மொழியின் "மரிஹுவானா" பின்னால் வந்தது. போதைத் தடுப்புத் துறைத் தலைவர் ஹாரி ஆன்ஸ்லிங்கர் காலத்தில் அந்த அயல் சொல்லையே பயமுறுத்தப் பயன்படுத்தினார்கள். 1937-இல் அதற்கு வரிச் சட்டம் கொண்டுவந்தபோது மருத்துவச் சங்கத்தின் சார்பில் வில்லியம் உட்வர்ட் என்பவர் ஆட்சேபித்தார். தாங்கள் மருந்தாக எழுதிக் கொடுக்கும் செடியைத்தான் இந்தச் சட்டம் சொல்கிறது என்பதே மருத்துவர்களுக்குத் தெரியவில்லை என்பது அவர் முறையீடு. பெயரை மாற்றியே வேலையை முடித்துவிட்டார்கள். வாஷிங்டன் மாநிலம் 2022-இல் தன் சட்டங்களில் "மரிஹுவானா" இருந்த இடமெல்லாம் "கன்னாபிஸ்" என்று திருத்தியது. எனவே கிழவர் சொல்லை அப்படியே விடுங்கள், கடைக்காரருக்குக் கன்னாபிஸ், இளையவர்களுக்குக் கஞ்சா.

"களை" பற்றி ஒரு சின்ன விஷயம். ஆங்கிலத்தில் புல் என்றும் களை என்றும் சொல்வது புதுமை இல்லை. "ஹஷீஷ்" என்ற அரபுச் சொல்லுக்கும் காய்ந்த புல் என்றுதான் பொருள். ஒளித்துப் பேசுகிறவர்களுக்கு எந்த ஊரிலும் முதலில் கண்ணில் படுவது காலடியில் இருக்கும் புல்தான் போலிருக்கிறது. தண்ணீர்க் குழாய்க்குச் சொல்லும் "பாங்" தாய்லாந்து மொழியின் மூங்கில் குழாய். அதைப் பாங்கு இலையோடு குழப்பிவிடாதீர்கள்.

ஸ்கார்பரோ தம்பி எழுதியது:

வானொலிக்குப் பயந்து சொல் மாறிய கதை ஒன்றும் உண்டு. ஜமைக்காவில் புகைக்குழாயின் மண் கிண்ணத்துக்குக் "கூச்சி" என்று பெயர். அதை இடப்பக்கம் கைமாற்றிக் கொடு என்று ஒரு பாட்டு. 1982-இல் பிர்மிங்ஹாம் நகரச் சிறுவர் குழு ஒன்று அதைப் பாட எடுத்தது. சிறுவர்கள் வாயில் கூச்சி வந்தால் யார் ஒலிபரப்புவார்கள்? கூச்சியைத் தூக்கிவிட்டு "டச்சி" என்று வைத்தார்கள். டச்சி என்பது ஜமைக்கா வீடுகளில் சோறு ஆக்கும் கனத்த பானை. மூலிகை இல்லாத ஏக்கமும் பாட்டில் சோறு இல்லாத ஏக்கமாக மாறியது. பாட்டு பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது. வேடிக்கை என்னவென்றால், அதற்குப் பிறகு கேட்டவர்களெல்லாம் டச்சியையே புகைப்பொருளாக எடுத்துக்கொண்டார்கள். சோற்றுப் பானையும் கெட்டுப்போனது. என் கிடங்கு நண்பர் இதைச் சொல்லும்போது அவர் அம்மாவின் பானைக்காக உண்மையாகவே வருத்தப்பட்டார்.

சும்மாவாசகன் எழுதியது:

அமெரிக்காவில் 420 என்று மைல்கல் வைத்தால் திருடிக்கொண்டு போய்விடுகிறார்களாமே?

சான்ஹோசே சித்தப்பா எழுதியது:

உண்மைதான். கொலராடோவில் டென்வருக்குக் கிழக்கே 70-ஆம் எண் நெடுஞ்சாலையில் அந்தப் பலகையைத் திரும்பத் திரும்பக் கழற்றிக்கொண்டு போனார்கள். சாலைத் துறை 2014-இல் "419.99" என்று பலகை வைத்துவிட்டது. கலிபோர்னியாவின் 2003-ஆம் ஆண்டு மருத்துவக் கஞ்சா மசோதாவுக்கு எண்ணே 420. அது தற்செயல் என்று யாரும் நம்பவில்லை.

வரிக்குள்வரி எழுதியது:

நேற்று இரவு வரியை முடித்துவிட்டேன். எப்படி முடிந்தது என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில் "கஞ்சா புகைப்பவர்களுக்கும் தடையில்லை" என்று அனுப்பினேன். சரிபார்ப்பவர் திருப்பி அனுப்பிவிட்டார். சீட்டு திரையில் அண்மைக் காட்சியில் தெரிகிறது, அதில் எண் இருக்கிறது, வரியில் எண் எங்கே என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. எண்ணைப் போட்டால் குமாஸ்தா ஐயாவின் மோசடி வழக்கு, போடாவிட்டால் திரை காட்டிக்கொடுக்கிறது.

அப்போதுதான் பாஸ்டர் சிலை நினைவுக்கு வந்தது. அந்தப் பையன்கள் சொன்னது எண்ணே இல்லை, கடிகார நேரம். நம் மொழியில் நானூற்று இருபது வேறு, நாலு இருபது வேறு. எழுதும்போது நாம் நேரத்துக்கு நடுவில் புள்ளி வைக்கிறோம். ஆகவே வரி இப்படி: "நாய் வளர்க்கலாம். 4.20 புகைக்கும் தடையில்லை." பேசும் பெண் "நாலு இருபது" என்று சொல்வதாகவே எனக்குக் காதில் விழுகிறது. சரிபார்ப்பவர் மறுபேச்சுப் பேசாமல் ஒப்புக்கொண்டார்.

வக்கீல்குமாஸ்தா எழுதியது:

நல்ல தீர்வு அம்மா. நான் பார்த்த எந்தக் குற்றப்பத்திரிகையிலும் 420-க்கு நடுவில் புள்ளி இருந்ததில்லை.